பிள்ளை எடுத்து வளர்ப்பது எங்கள் வீட்டுக்குச் சரிவருமா?

(தோட்டத்துத் தாய் தந்தையர் கூட்டத்தில், கல்முனைக் கரையிலிருந்து வந்த தம்பதியர் இருவரும் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் கடற்கரை ஆட்கள். கல்முனைக்குப் பக்கத்திலே மருதமுனை எங்கள் ஊர். கைத்தறி நெசவு எங்கள் தொழில். உங்கள் லயத்துக் கொடியிலே காய்கிற சாரங்களில் ஒன்றிரண்டு எங்கள் பக்கத்துத் தறியிலே நெய்ததாக இருக்கலாம். எங்கள் சாரம் மலைக்கு வந்து பல காலம். நாங்கள் வருவது இதுதான் முதல் தடவை. வந்த இடத்திலே இஸ்தோப்பிலே இருக்க வைத்து, இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் தந்தீர்கள். அந்த அன்புக்கு நன்றி.

எங்களைப் பேசச் சொன்ன விஷயம் பிள்ளை எடுத்து வளர்ப்பது பற்றி. நாங்கள் படித்த ஆட்கள் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைக் கேட்டுக் கிடைக்காமல் அழுதவர்கள். பிறகு ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கள். வளர்க்கும்போது பெரிய பிழை ஒன்றும் விட்டவர்கள். அந்தப் பிழையைச் சொல்லாமல் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் தந்த தேத்தண்ணீருக்கு நாங்கள் செய்கிற துரோகம் அது. எங்கள் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறோம். "சொல்லுங்க வாப்பா, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவளே சொல்லித்தான் அனுப்பினாள்.

கலியாணம் முடித்துப் பத்து வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதிலே ஒரு வீட்டுக்குள் என்னென்ன பேச்சு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெருநாளைக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்ற கேள்விதான் முதலில் வரும். பிறகுதான் சாப்பாடு வரும்.

அப்படியிருக்கும்போது 2004 டிசம்பர் 26 வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் ஊருக்குள் வந்தது. இந்த நாட்டிலே அம்பாறை மாவட்டத்துக்கே மிகப் பெரிய சேதம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுக்க ஒரே அழுகை. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று கடல் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலே எங்கள் தம்பி போனான். ஜனாஸாவைக்கூட நாங்கள் காணவில்லை.

உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலே தங்கினோம். அங்கே மூன்று வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை. கூட ஒருவரும் இல்லை. இரண்டாம் நாள் எங்கள் விரலைப் பிடித்தது. அதன் பிறகு விடவேயில்லை. எங்களோடு சாப்பிட்டது, எங்கள் நடுவிலே படுத்தது. ஆண்டவன் எங்களுக்கென்றே அனுப்பிய பிள்ளை என்று நினைத்தோம். ஒரு பெயர்கூட மனசுக்குள் வைத்துவிட்டோம்.

பதிவு எழுத வந்த உத்தியோகத்தரிடம், "இந்தப் பிள்ளையை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்றோம். அவர் பிள்ளையின் அடையாளத்தை எழுதினார், படம் எடுத்தார். "பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பிள்ளை என்று நினைக்காதீர்கள். தேட ஆள் இருக்கலாம்" என்றார். எங்களுக்குப் பெரிய கோபம். பதினோராம் நாள், நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மூத்தம்மா வந்தார். முகாம் முகாமாக நடந்து வந்தவர். பிள்ளை அவரைக் கண்டதும் எங்கள் விரலை விட்டுவிட்டு ஓடியது. அந்த மூத்தம்மாவுக்கு மிஞ்சியது அந்த ஒரு பேத்திதான்.

நாங்கள் அன்றைக்கு அழுதோம். ஆனால் பெயரை மாற்றி, வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த மூத்தம்மா இன்றைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

அதே நாட்களில் கல்முனையில் நடந்ததை உங்களில் பலர் வானொலியிலும் பத்திரிகையிலும் கேட்டிருப்பீர்கள். இடிபாடுகளுக்கு நடுவிலே உயிரோடு கிடந்த ஓர் ஆண் குழந்தை. வயது இரண்டு மாதம் அளவில். கல்முனை வைத்தியசாலையில் அன்றைக்குச் சேர்த்த எண்பத்தோராவது ஆள் என்பதால் 'பேபி 81' என்று உலகமே அழைத்தது. ஒன்பது தம்பதிகள் தங்கள் பிள்ளை என்று கேட்பதாகப் பத்திரிகைகள் எழுதின. முறைப்படி நீதிமன்றத்தில் உரிமை கேட்டது ஒரே ஒரு தம்பதிதான். என்றாலும் அவர்கள் கையிலே அத்தாட்சி ஒன்றும் இல்லை. எல்லாப் பத்திரங்களையும் கடல் கொண்டுபோய்விட்டது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. இரத்தத்தைச் சோதித்துத் தாய் தகப்பன் யார் என்று அறிகிற பரிசோதனை அது. 2005 பெப்ரவரி 14 இல் முடிவு வந்தது. பெப்ரவரி 16 இல் பெற்ற தாய் தகப்பனின் கையிலே பிள்ளை சேர்ந்தது. ஐம்பத்திரண்டு நாள்!

ஐம்பத்திரண்டு நாள் அந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சமில்லை. சட்டம் இப்படி மெதுவாகப் போகலாமா என்று நாங்களும் கேட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆசையாக முதலில் கேட்டவருக்கே பிள்ளையைக் கொடுத்திருந்தால்? அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனையோ பேர். அவர்கள் ஆசையிலே பொய் இல்லை. ஆனாலும் ஆசை இருப்பதாலே பிள்ளை நம்முடையதாகி விடாது. அதனால்தான் அனர்த்தத்தில் தனித்துப்போன பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசாங்கம் அந்த நேரத்தில் நிறுத்தி வைத்தது. பெரும்பாலான பிள்ளைகளை உறவுக்காரரே பொறுப்பெடுத்தார்கள். 2005 இல் ஆழிப்பேரலைக்கென்று 16 ஆம் இலக்க விசேட சட்டம் ஒன்று வந்து, அந்தப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் பதிவு செய்து வளர்ப்பதற்கு ஒழுங்கு செய்தது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பிள்ளை எடுக்க நினைக்கிற கணவனும் மனைவியும் ஒரு நாள் வேலை முடிந்து, அடுப்படியிலே உட்கார்ந்து, ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் பிந்திக் கேட்ட கேள்விகள் இவை. நீங்கள் முந்திக் கேளுங்கள்.

முதலாவது: எதற்காக எடுக்கிறோம்?

"மலடி என்று சொல்கிறார்கள், அந்த வாயை அடைக்க வேண்டும்" என்பதற்காகவா? அந்த வாய் அடைபடாது. நாளைக்கு "பெறாத பிள்ளைதானே" என்று அதே வாய் பேசும். "புருஷன் குடிக்கிறார், பிள்ளை வந்தால் திருந்துவார்" என்பதற்காகவா? பெற்ற பிள்ளையைக் கண்டு திருந்தாதவர் எத்தனை பேர் நம் கண் முன்னே இருக்கிறார்கள்! "செத்துப்போன நம் பிள்ளையின் இடத்துக்கு" என்பதற்காகவா? வருகிற பிள்ளை வேறு ஆள். அதற்கு வேறு சிரிப்பு, வேறு பிடிவாதம் இருக்கும். செத்த பிள்ளையோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டால் உயிரோடு இருக்கிற பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும். முதலில் அழ வேண்டியதை அழுது முடியுங்கள். பிறகு யோசிக்கலாம்.

"வயசான காலத்திலே பார்க்க ஒரு ஆள் வேண்டும்" என்பது எல்லோருக்கும் உள்ளதுதான். அதிலே குற்றமில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் அந்தப் பிள்ளைக்கு நாம் போடுகிற சோறு கடனாகிவிடும். ஒரு பிள்ளை படித்து வளர நாம் உதவ வேண்டும், அதன் சத்தம் நம் வீட்டில் கேட்க வேண்டும் என்ற ஆசை மிஞ்சி நின்றால், அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இரண்டாவது: வீட்டில் எல்லோருக்கும் மனசா?

லயத்திலே ஒரு காம்பராவுக்குள் நாம் இரண்டு பேர் மட்டும் இருப்பதில்லை. மாமா, மாமி, கலியாணம் ஆகாத கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு மனசில்லை என்றாலும், நாம் மலைக்குப் போன நேரத்திலே பிள்ளைதான் அதை அனுபவிக்கும். ஏற்கெனவே பிள்ளை இருக்கிற வீடு என்றால் அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். கணவன் மனைவிக்குள்ளே ஒருவர் ஆசைப்பட்டு மற்றவர் "சரி, உன் இஷ்டம்" என்று தலையாட்டினால் அது சம்மதமில்லை. எங்கள் வீட்டிலே ஒருவருக்கு ஆசை முந்தி வந்தது. மற்றவருக்கு ஒரு வருஷம் பிந்தி வந்தது. அந்த ஒரு வருஷம் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாவது: நேரமும் காசும் ஆளும் இருக்கிறதா?

பணக்காரர்தான் பிள்ளை வளர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். விடிய மலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பிள்ளைக் காம்பராவிலே சேர்க்கலாமா? இரவு காய்ச்சல் வந்தால் பேர் போடாமல் ஒரு நாள் நிற்க முடியுமா? பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போது நமக்கு என்ன வயசு? நமக்கு ஒன்று நடந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார்? முக்கியமாக இந்தக் கடைசிக் கேள்வி. ஒரு தடவை தாய் தகப்பனை இழந்த பிள்ளை இரண்டாம் தடவையும் அநாதையாகக் கூடாது. ஒரு அக்காவோ தம்பியோ, "நாங்கள் இருக்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நான்காவது: பிள்ளையைப் பிரிக்காமல் உதவ முடியாதா?

இதை யாரும் கேட்பதில்லை. பக்கத்து லயத்திலே ஒரு தாய் ஐந்து பிள்ளைகளோடு கஷ்டப்படுகிறாள். "ஒன்றை எங்களிடம் தா" என்று கேட்கிறோம். அவளும் கஷ்டத்திலே தலையாட்டுகிறாள். அவளுக்குத் தேவை ஒருவேளை கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசாக இருக்கலாம். அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள் என்றால், திரும்பி வருகிற வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆளாக இருக்கலாம். அதைச் செய்துவிட்டு, பிள்ளையைத் தாயிடமே விடுவதும் பெரிய தர்மம்தான். வறுமைக்காக மட்டும் ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இதை நாங்கள் தெரிந்து சொல்கிறோம். ஏன் என்று அடுத்த கேள்வியில் விளங்கும்.

ஐந்தாவது: பிள்ளைக்கு உண்மையைச் சொல்லத் தயாரா?

இந்தக் கேள்வியிலேதான் நாங்கள் தவறினோம்.

கடலிலே போன எங்கள் தம்பிக்கு நான்கு பிள்ளைகள். கடைசி மகளுக்கு அப்போது ஒரு வயசு. தம்பி பெண்சாதிக்கு வீடும் இல்லை, வருமானமும் இல்லை. அடுத்த வருஷம், "இவளை நாங்கள் வளர்க்கிறோம்" என்று கேட்டு எடுத்தோம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்தார், விசாரித்தார், எழுதினார். முறைப்படி பதிந்தோம். அதுவரைக்கும் சரி.

முஸ்லிம்களாகிய எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அநாதைப் பிள்ளையை வளர்ப்பது மிகப் பெரிய நன்மை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தகப்பனைக் காணாமல் பிறந்து, பாட்டனாரிடமும் பிறகு பெரிய தகப்பன் அபூதாலிபிடமும் வளர்ந்தவர்கள். ஆனால் வளர்க்கிற பிள்ளைக்குத் தகப்பன் பெயரை மாற்றக் கூடாது. நாயகம் அவர்கள் மகனாக வளர்த்த ஸைத் என்பவரை முதலில் 'முஹம்மதின் மகன்' என்றுதான் ஊரார் அழைத்தார்கள். திருக்குர்ஆன் கட்டளை வந்ததும், பெற்ற தகப்பன் பெயரோடு 'ஹாரிதாவின் மகன் ஸைத்' என்றே அழைத்தார்கள். அன்பு குறையவில்லை. பெயர் மட்டும் உண்மையான இடத்துக்குத் திரும்பியது. சொத்திலும் அப்படித்தான். வளர்த்த பிள்ளை தானாக வாரிசாகாது. உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாக எழுதலாம், அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மரணசாசனம் வைக்கலாம். நீதிமன்றத்திலே தத்துப் பதிந்திருந்தாலும், மரணசாசனம் இல்லாமல் போனால் முஸ்லிம் வாரிசுச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்குப் பங்கு இல்லை என்று எங்கள் நாட்டு உயர் நீதிமன்றமும் 1980களில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆகவே எங்கள் மகளின் பெயருக்கு முன்னாலே எங்கள் தம்பியின் பெயர்தான் இருந்தது. பத்திரத்திலே உண்மை இருந்தது. எங்கள் வாயிலேதான் இல்லை! நாங்களே உம்மா வாப்பா என்று பழக்கினோம். பெற்ற தாயைச் 'சாச்சி' என்று கூப்பிட வைத்தோம். "நீ உண்மையைச் சொன்னால் பிள்ளை குழம்பிப் போகும்" என்று அந்தத் தாயிடம் சொல்லி வைத்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் எங்களிடம் பயம் ஒன்று இருந்தது. பிள்ளை எங்களை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

மகளுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்திலே ஒரு படிவம் நிரப்பப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனாள். வழியிலே வாசித்திருக்கிறாள். தாயின் பெயர் என்ற இடத்திலே சாச்சியின் பெயர். அன்று பின்னேரம் வந்து, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

"என்ட உம்மாவ ஏன் எனக்குச் சாச்சி ஆக்கினீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. மூன்று மாதம் அவள் எங்களை உம்மா என்றும் கூப்பிடவில்லை, வாப்பா என்றும் கூப்பிடவில்லை. தாயிடமும் போகவில்லை. "அவங்க ஏன் என்னை மட்டும் கொடுத்தாங்க? மத்த மூணு பேரையும் வெச்சிருக்காங்கதானே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்களை விடவும் அந்தத் தாயை அறுத்தது. இத்தனை வருஷமாக வாயை மூடி வைத்திருந்தவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

மெல்ல மெல்லச் சரிவந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகளைத் தாயின் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். நாங்கள் வாசலில் இறக்கிவிட்டு வந்துவிடுவோம். தாயும் மகளும் அவர்கள்பாட்டில் பேசட்டும் என்று விட்டோம். தகப்பனைப் பற்றித் தெரிந்த கதையெல்லாம் சொன்னோம். அவன் எப்படி நெய்வான், எந்தப் பாட்டை முணுமுணுப்பான் என்றெல்லாம் சொன்னோம். இன்றைக்கு அவளுக்கு உம்மா இரண்டு பேர். பெற்ற உம்மாவையும் உம்மா என்கிறாள், எங்களையும் பழையபடி கூப்பிடுகிறாள். எங்களை விட்டுப் போகவில்லை. நாங்கள் பயந்தது நடக்கவில்லை. பயத்திலே நாங்கள் செய்ததுதான் நடந்தது.

ஆகையால் சொல்கிறோம். சின்ன வயசிலிருந்தே கதை போலச் சொல்லிக்கொண்டு வாருங்கள். மூன்று வயசிலே, "நீ இன்னொரு அம்மா வயிற்றிலே இருந்து வந்த பிள்ளை, நாங்கள் ஆசைப்பட்டுக் கூட்டி வந்தோம்" என்றால் போதும். ஏழு வயசிலே இன்னும் கொஞ்சம். பிள்ளை கேட்கக் கேட்கச் சொல்லலாம். பெற்றவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள். "உன்னை வீசிவிட்டுப் போனாள்" என்று கோபத்திலும் சொல்லக் கூடாது. லயத்திலே ஒருவருக்குத் தெரிந்தால் இருபது காம்பராவுக்கும் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் பீலிக்கரையிலே யாராவது சொல்வார்கள். அது நல்ல மாதிரியாக இருக்காது.

இதிலே இன்னொரு காரியமும் இருக்கிறது. எங்கள் கரையிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழியாக வருகிற 'குடி' உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. உங்களிடமும் முறை பார்க்கிறீர்கள். மாமன் மகள் முறைப்பெண், சின்னம்மா மகள் தங்கச்சி. பிறப்பை மறைத்து வளர்த்தால், நாளைக்குக் கூடப்பிறந்தவனையே மாப்பிள்ளையாகப் பேசி வருகிற ஆபத்து இருக்கிறது. இதற்காகவும் பெற்றவர் யார் என்ற விவரத்தைப் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும்.

ஐந்து கேள்விக்கும் ஆம் என்று மனசு சொன்னால், அடுத்தது சட்டம்.

நம் நாட்டிலே 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படிதான் பிள்ளை தத்தெடுக்கலாம். அரசாங்கப் பத்திரங்களிலே இதை 'மகவேற்பு' என்று எழுதியிருப்பார்கள். நீதிமன்றக் கட்டளை வேண்டும். அந்தச் சட்டத்தின் பொது விதிப்படி, எடுக்கிறவர் 25 வயசுக்கு மேற்பட்டவராகவும், பிள்ளையைவிட 21 வயசாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நெருங்கிய உறவுக்கு விதிவிலக்கு உண்டு. பத்து வயசு தாண்டிய பிள்ளை என்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்து உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அவர் வரும்போது வீட்டைக் கலியாண வீடு போலச் சோடிக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கட்டளை கிடைத்தால், இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களிலே அந்தப் பிள்ளை சட்டத்தின் முன் உங்களுக்குப் பிறந்த பிள்ளை போல. வாரிசு உரிமையும் உண்டு.

தத்தெடுக்காமல் வளர்க்க மட்டும் செய்கிறோம் என்றாலும் சும்மா கூட்டிக்கொண்டு வரக் கூடாது. பிறர் பிள்ளையை வைத்திருக்கிறவர் பாதுகாவலராகப் பதிவு செய்வதற்கும் அதே 1941 சட்டத்திலே இடம் இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம் ஒரு பிள்ளையை உறவினரிடமோ வேறு தகுதியான ஆளிடமோ ஒப்படைக்கவும் முடியும்.

இரண்டு காரியங்களை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒன்று, ஆஸ்பத்திரியிலே வேறு ஒருத்தி பெற்ற பிள்ளையை உங்கள் பெயரிலே பதிவது. "எல்லாம் நான் பார்த்துத் தருகிறேன்" என்று தரகர் வருவார். அது குற்றம். பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் பொய்ப் பத்திரத்தின் மேலே நிற்கும். இரண்டாவது, காசு. நீதிமன்றம் அனுமதித்ததைத் தவிர பிள்ளைக்காகக் காசு கொடுப்பதும் வாங்குவதும் சட்டத்துக்கு விரோதம்.

பொய்ப் பத்திரம் என்ன செய்யும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1980களிலே ஆயிரக்கணக்கான குழந்தைகள் இங்கேயிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். காசுக்காகப் பிள்ளைகளை வாங்கி விற்ற தரகர்கள் இருந்தார்கள். பெற்ற தாய் என்று வேறு பெண்களை நிறுத்திக் கையெழுத்து வாங்கிய சம்பவங்களும் நடந்தன. 1992 இல் நம் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுத் தத்தை இறுக்கியது. 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இந்த வியாபாரத்தை வெளியே கொண்டுவந்தது. 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து தங்கள் நாட்டுக்கு வந்த 881 பிள்ளைகளின் விஷயத்திலே நடந்த முறைகேடுகளுக்காகச் சுவிட்சர்லாந்து அரசாங்கம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்த பெரியவர்கள். நல்ல வீட்டில், நல்ல சாப்பாட்டோடு வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் விமானம் ஏறி வந்து தாயைத் தேடுகிறார்கள். கையிலே இருக்கிற பத்திரத்திலே உள்ள பெயர் பொய்யாக இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

கடைசியாக ஒரு வார்த்தை, பிள்ளையைக் கேட்கிறவர்களுக்கு இல்லை, கொடுக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறவர்களுக்கு.

உங்கள் தோட்டங்களுக்குப் பட்டணத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்கள் கரையிலிருந்தும் வந்திருக்கலாம், வெட்கத்தோடுதான் சொல்கிறோம். "உங்கள் பிள்ளையை எங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், படிக்க வைக்கிறோம்" என்பார்கள். கூட்டிக்கொண்டு போய் அடுப்படியிலே நிறுத்துவார்கள். அதற்குப் பெயர் வளர்ப்பு இல்லை. வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலே சேர்க்கப் போகிறீர்கள்? நன்னடத்தை உத்தியோகத்தர் முன்னால் வந்து பதிவீர்களா? நாங்கள் நினைத்த நேரம் வந்து பிள்ளையைப் பார்க்கலாமா? இதிலே ஒன்றுக்கு முகம் சுருங்கினாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள். 2021 இல் திருத்திய சட்டப்படி 16 வயசுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. ஏற்கெனவே அனுப்பிய பிள்ளை ஒன்று கஷ்டப்படுகிறது என்று கேள்விப்பட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். தமிழிலே பேசலாம்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்களுக்கு இது சரிவராது" என்று உங்களில் ஒரு கணவனும் மனைவியும் முடிவு செய்தால், அதிலே வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை தப்பியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்ல மாமாவாக, அத்தையாக இருங்கள். "சரிவரும்" என்று முடிவு செய்தால், நாளைக்கே தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் போய், பிரதேச செயலகத்திலே யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். மாதங்கள் போகும், வருஷமும் போகலாம். பொறுமையாக இருங்கள்.

எங்கள் மகள் உங்களுக்கென்று ஒரு செய்தி சொல்லி விட்டிருக்கிறாள். "பிள்ளைக்கு என்ன பேர் வேணுமெண்டாலும் வைக்கட்டும். ஆனா அதுட கதைய அதுக்கிட்டேயே முதல்ல சொல்லட்டும்" என்றாள். நாங்கள் பிந்தித்தான் கேட்டோம். நீங்கள் இன்றைக்கே கேட்டுவிட்டீர்கள்.